பாட்டில் இன்னொருவர் இருக்கிறாரா? – காதல் பாடல்களை நயம் பாராட்ட ஓர் அளவுகோல்



"உனக்குப் பிடித்த காதல் பாட்டு எது?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரே சிரிப்பு. பிறகு நாலைந்து பேர் ஒரே நேரத்தில் பாட்டுப் பெயர் சொல்வார்கள். "சரி, ஏன் பிடிக்கும்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். "டியூன் நல்லா இருக்கு சார்", "வரியெல்லாம் சூப்பர் டீச்சர்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதே மாணவர் தேர்வுத் தாளில் கவிதை நயம் எழுதும்போது, "இக்கவிதை படிப்போர் மனத்தைக் கவரும் வகையில் இனிமையாக அமைந்துள்ளது" என்று எழுதுகிறார். இரண்டும் ஒரே பதில்தான். ஒன்று பேச்சுத் தமிழில், மற்றது எழுத்துத் தமிழில். இரண்டிலும் காரணம் இல்லை. காரணம் இல்லாத இடத்தில் புள்ளியும் இல்லை.

இன்னொரு பக்கம், ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு தயக்கம். காதல் பாட்டையா வகுப்பில் நடத்துவது, பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று யோசிக்கிறோம். ஆனால் எட்டுத்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, கலித்தொகை, அகநானூறு என்று ஐந்து நூல்கள் அகம் பாடுபவை. திருக்குறளில் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரங்கள், 250 குறள்கள். காதலைப் பாடமாக வைத்த மொழி நம்முடையது. நாம் நடத்தாவிட்டால் மாணவர் காதலைப் பற்றிக் கற்காமல் இருக்கப் போவதில்லை. காதில் மாட்டியிருக்கும் கருவி கற்றுக் கொடுத்துவிடும்.

ஆகவே, வெவ்வேறு இசை மரபுகளிலிருந்து எனக்குப் பிடித்த சில பாடல்களை எடுத்து, ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அளவுகோல் இதுதான்: பாட்டில் இன்னொருவர் இருக்கிறாரா?

அதாவது, பாடுபவர் யார், யாரிடம் பாடுகிறார் என்பது மட்டும் போதாது. கேட்கிற ஆளின் மனம் அந்தப் பாட்டுக்குள் தெரிகிறதா? அவருடைய பயம், தயக்கம், கேள்வி ஏதாவது உள்ளே வந்திருக்கிறதா? வந்திருந்தால் அது காதல் பாட்டு. வராவிட்டால், பாடுபவர் தன்னைத்தானே கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறார், அவ்வளவுதான். இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் சரியாக வேலை செய்யுமா என்பதையும் போகப் போகப் பார்ப்போம்.

1. குறுந்தொகை 40: பயந்தவளுக்குச் சொன்ன பதில்

செம்மண்ணில் பெய்த மழைநீர் உவமை வரும் பாட்டு. ஐந்தே அடி. எழுதியவரின் இயற்பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை; அந்த உவமையை வைத்தே செம்புலப் பெயனீரார் என்று பெயர் வந்தது. ஓர் உவமை ஒருவருக்குப் பெயராகவே நின்றுவிட்டது என்றால் அதன் வலிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான மாணவர்கள் உவமையை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முதல் மூன்று அடிகளைக் கவனியுங்கள். என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார், என் தந்தையும் உன் தந்தையும் எந்த வழியில் உறவு, நானும் நீயும் எப்படி ஒருவரை ஒருவர் அறிந்தோம் என்று மூன்று கேள்விகள். தாய்மாரில் தொடங்கி, தந்தையரைக் கடந்து, கடைசியில் இருவர் மட்டும் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்கிறது. வட்டம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதற்குப் பிறகுதான் மழை பெய்கிறது.

இது யாருக்குச் சொன்ன பதில்? பழைய கூற்றுக் குறிப்பைப் பாருங்கள். தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். வாய் திறந்து சொல்லவில்லை. முகக் குறிப்பில் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு அவன் பேசுகிறான். பாட்டில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பாட்டே அவளுடைய பயத்துக்கான பதில். "நமக்குள் எந்தச் சொந்தமும் இல்லையே, நாளைக்கு விட்டுப் போனால் யார் கேட்பார்கள்?" என்பது அவள் கேட்காத கேள்வி. அந்தச் சொந்தமின்மையை அவன் மறைக்கவில்லை. தானே எடுத்துச் சொல்லி, வானத்துக்கும் மண்ணுக்கும்கூடச் சொந்தமில்லைதான், ஆனால் கலந்த பிறகு பிரித்துப் பார் என்கிறான். மண்ணின் நிறம் நீருக்கு வந்துவிட்டது. இனி எது நீர், எது மண்?

அகப்பாடலில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய மரபு. பெயர் இல்லாததால்தான் ஈராயிரம் ஆண்டு கழித்து நம்ம ஊர்ப் படிவம் 5 மாணவரும் அந்த இடத்தில் நின்று பார்க்க முடிகிறது.

2. நாச்சியார் திருமொழி: கனவு என்று சொல்லிக்கொண்டே இருப்பவள்

அடுத்து பக்தி மரபு. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் 143 பாசுரங்கள், 14 பகுதிகள். ஆறாவது பகுதி ஆண்டாள் கண்ட திருமணக் கனவு. இன்றும் வைணவத் திருமணங்களில் இதைப் பாடுவார்கள்.

ஆயிரம் யானைகள் சூழ மணமகன் வருகிறான். பந்தல், மேளம், கைப்பிடித்தல், தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடுதல் என்று சடங்குகள் ஒவ்வொன்றாக வருகின்றன. நேரில் நின்று பார்த்த கல்யாணத்தை விவரிப்பது போலவே இருக்கும். ஆனால் கனவைச் சொல்லும் ஒவ்வொரு பாசுரத்தின் முடிவிலும் தோழியை அழைத்து, இது நான் கண்ட கனவு என்று சொல்லி முடிக்கிறாள்.

"திரும்பத் திரும்ப வருவதால் ஓசை நயம் சிறக்கிறது" என்று எழுதினால் பாதிதான் சரி. அந்தத் திரும்ப வருதல் என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு சடங்கிலும் கல்யாணம் ஒரு படி நெருங்கி வருகிறது. ஒவ்வொரு முடிவிலும், இது நடக்கவில்லை என்ற உண்மை ஒரு முறை குத்துகிறது. மகிழ்ச்சி ஏற ஏற ஏக்கமும் ஏறுகிறது. இத்தனை சடங்குகளைச் சொன்னவள் தாலி கட்டியதைச் சொல்லவில்லை என்பதையும் அறிஞர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஏன் என்று வகுப்பில் விவாதிக்கலாம்.

இன்னொருவர் இருக்கிறாரா? இங்கே இருவர். ஒருவன் கனவில் மட்டும் வருகிறான். இன்னொருத்தி, தோழி, பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள். காதலை அவனிடம் சொல்ல முடியாததால்தான் இவளிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

3. பாரதியின் கண்ணன் பாட்டு: முகம் மறந்து போனால்?

கண்ணன் பாட்டு 1917இல் நூலாக வந்தது. கண்ணனைத் தோழனாக, தாயாக, தந்தையாக, சேவகனாக, சீடனாக, குழந்தையாகப் பாடிய பாரதி, காதலனாகவும் காதலியாகவும் பாடினார். பல பாட்டுகளுக்கு இராகமும் தாளமும் குறித்து வைத்தார். ஆகவே இது கவிதை மட்டுமல்ல, இசைப்பாட்டும்கூட. இன்றும் கருநாடக இசை மேடையில் கேட்கலாம்.

அதில் பிரிவுத் துயரைப் பாடும் ஒரு பாட்டில், தலைவிக்கு வந்த சிக்கல் விசித்திரமானது. அவன் மேல் உள்ள ஆசை மறக்கவில்லை, முகம்தான் மறந்துவிட்டது. நெஞ்சில் நேசம் அப்படியே இருக்கிறது. கண்ணை மூடினால் ஏதோ ஓர் உருவம் தெரிகிறது. ஆனால் அதில் அவன் அழகு முழுதாக இல்லை. தேனை மறந்த வண்டு உண்டா, ஒளியை மறந்த பூ உண்டா, வானத்தை மறந்த பயிர் உண்டா என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொள்கிறாள். பார்த்துக்கொள்ள ஒரு படம்கூட இல்லையே என்று தோழியிடம் புலம்புகிறாள்.

இந்தப் பாட்டில் என் அளவுகோல் கொஞ்சம் வளைகிறது. அவன் எதிரில் இல்லை. நினைவிலும் முழுசாக இல்லை. அப்படியானால் இன்னொருவர் இல்லாத பாட்டா இது? இல்லை. அவன் இல்லாத இடம் பாட்டு முழுக்கத் தெரிகிறது. ஒருவர் இல்லாததையே இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடியும் என்றால் அவர் பாட்டில் இருக்கிறார் என்றுதான் பொருள். ஒரு கைப்பேசியில் ஆயிரம் படம் வைத்திருக்கும் மாணவரிடம் கேளுங்கள்: படமே இல்லாவிட்டால் எத்தனை பேர் முகத்தை உன்னால் முழுசாக நினைவுக்குக் கொண்டுவர முடியும்? வகுப்பு யோசிக்கும்.

இன்னொரு குறிப்பு. இங்கே பாரதி, 'போயிற்று' என்ற எழுத்து வடிவத்தை விட்டு, 'போச்சு' என்கிற பேச்சு வடிவத்தைக் கையாள்கிறார். துக்கத்தில் இருப்பவள் இலக்கணம் பார்த்துப் பேசமாட்டாள். மொழிநடை என்ற தலைப்பில் நீங்கள் எழுதக்கூடிய மிக நல்ல சான்று இது.

4. பந்துனும் டொண்டாங் சாயாங்கும்: பக்கத்து வீட்டுப் பாட்டு

தமிழ்ப் பாட்டு மட்டும்தானா? நாம் வாழும் மண்ணில் ஒரு காதல் பாட்டு மரபு இருக்கிறது. மலாய் மொழிப் பாடத்தில் பந்துன் படித்திருப்பீர்கள். நாலு அடி. ஒன்றாம் அடியும் மூன்றாம் அடியும், இரண்டாம் அடியும் நான்காம் அடியும் ஒத்து முடியும். முதல் இரண்டு அடி 'பெம்பாயாங்': ஆறு, பறவை, பூ, படகு என்று ஏதோ ஒரு காட்சி. பின் இரண்டு அடி 'மக்சுட்': சொல்ல வந்த விஷயம்.

அந்தப் பந்துனை இருவர் மாறி மாறிப் பாடுவதுதான் மலாக்காவின் டொண்டாங் சாயாங். வயலின், ரெபானா, கோங் துணையோடு ஒருவர் ஒரு பந்துன் பாட, மற்றவர் அங்கேயே பதில் பந்துன் பாட வேண்டும். மலாய்க்காரர், பாபா நோன்யா, போர்த்துகீசிய வம்சாவளியினரோடு மலாக்கா செட்டி சமூகத்தாரும் இதைப் பாடுகிறார்கள். தமிழ் வணிகர் வழியில் வந்து, மலாய் பேசி, இந்துக்களாக வாழும் அந்த மக்கள் வழியாக இந்த மரபில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 2018இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் அளவுகோலுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இன்னொருவர் இல்லாமல் டொண்டாங் சாயாங் பாடவே முடியாது! அவர் என்ன சொன்னார் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. நம்ம தெம்மாங்கிலும் எசப்பாட்டிலும் ஆணும் பெண்ணும் சீண்டிச் சீண்டிப் பாடுவதும் இதே குணம்தான்.

ஒரு எச்சரிக்கை. பெம்பாயாங்கும் நம் உள்ளுறை உவமையும் ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள். உள்ளுறையில் இயற்கைக் காட்சி மறைபொருளோடு கட்டாயம் பொருந்தும். பந்துனில் சில நேரம் பொருந்தும். சில நேரம் ஓசைக்காக மட்டும் நிற்கும். இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: நேராகச் சொல்லக் கூசுகிற மனம், முதலில் வெளியே கையைக் காட்டுகிறது.

5. பி. ரம்லியின் 'கெதாரான் ஜிவா'

1960இல் வந்த 'அந்தாரா துவா டார்ஜாட்' படப் பாட்டு. பி. ரம்லி இசையமைத்துப் பாடி, நடித்து, இயக்கிய படம். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் உருவானது. பணக்கார வீட்டுப் பெண்ணும் சாதாரண இசைக்கலைஞனும் காதலிக்கிறார்கள்; அந்தஸ்து குறுக்கே நிற்கிறது.

பாட்டில் காதலியைப் பற்றி ஒரு வர்ணனைகூட இல்லை. கண் இல்லை, நிலா இல்லை. முழுக்க முழுக்க இசையைப் பற்றித்தான் பேசுகிறது. தாளமும் மெட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, பிரித்துவிட்டால் இரண்டிலும் உயிர் இருக்காது என்கிறது. கதை தெரிந்தவருக்கு, யாரைப் பிரிக்கிறார்கள், எது உயிரிழக்கும் என்று விளக்கவே வேண்டாம். குறுந்தொகையில் மழையும் மண்ணும் செய்த வேலையை இங்கே மெட்டும் தாளமும் செய்கின்றன. இரண்டு பாட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும், பிரிக்க முடியாத இரண்டைத் தேடி எடுத்துக் காட்டுவது காதலின் பொதுப் பழக்கம் போலும்.

6. 'மூன்றாம் பிறை'யின் தாலாட்டு

இனி திரைப்பாட்டு. 1982இல் வெளிவந்த, பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'யில் ஜேசுதாஸ் பாடும் தாலாட்டு. இசை இளையராஜா. கண்ணதாசன் 1981 அக்டோபரில் மறைந்தார். அவர் எழுதிய கடைசித் திரைப்பாட்டு இது என்று குறிப்பிடுவார்கள்.

விபத்தில் நினைவிழந்து குழந்தை மனநிலைக்குப் போய்விட்ட பெண்ணைத் தூங்க வைக்கப் பாடுகிறான். அவளுக்கு வயது வந்துவிட்டது, மனம் வரவில்லை. அவனுக்கு அவள் மேல் காதல். ஆனால் புரிந்துகொள்ள முடியாத ஒருத்தியிடம் காதலை எப்படிச் சொல்வது? சொன்னால் அது நியாயமா? அதனால் தாலாட்டு என்ற வடிவத்தை எடுத்துக்கொள்கிறான். காதலை முழுசாக வெளியே விடாமல், அவளுக்குப் புரியும் மொழிக்குள் அடக்கி வைக்கிறான். கேட்பவரின் நிலை பார்த்துப் பாடுபவர் தன் குரலை மாற்றிக்கொள்வதுதான் இந்தப் பாட்டின் அழகு. படத்தின் முடிவில் அவளுக்கு நினைவு திரும்புகிறது. அவனை அடையாளம் தெரியவில்லை. அதன் பிறகு இந்தத் தாலாட்டைக் கேட்டுப் பாருங்கள், வேறு பாட்டாக இருக்கும்.

உயர்நிலை மாணவர்களிடம் ஒரு கேள்வி வைக்கலாம்: பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர் மேல் வைக்கும் காதலை எப்படி மதிப்பிடுவது? படத்தைப் பாராட்டுவோரும் உண்டு, நெருடலாக உணர்வோரும் உண்டு. இரு பக்கமும் சான்றோடு வாதாடலாம்.

7. ஒரு இரவல், ஒரு குறை

மணிரத்னத்தின் 'இருவர்' (1997) படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் வைரமுத்து எழுதிய, சங்கத் தமிழ்ச் சாயல் கொண்ட காதல் பாட்டு ஒன்று உண்டு. உன்னிகிருஷ்ணனும் பம்பாய் ஜெயஸ்ரீயும் பாடியது. மேலே சொன்ன குறுந்தொகைப் பாட்டின் தொடர் அதில் வருகிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கேள்வி கேட்கிறார்கள். இன்னொருவர் இருக்கிறார், சந்தேகமில்லை. சங்கச் சொற்களைக் கோடிக்கணக்கானவர் காதில் கொண்டுபோய்ச் சேர்த்ததும் பெரிய விஷயம்தான்.

ஆனால் அதே பாட்டில் புறநானூறு 112இன் எதிரொலியும் இருக்கிறது. அது காதல் பாட்டே இல்லை. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்ட பின், தந்தை பாரியை இழந்து, குன்றையும் இழந்த இரண்டு பெண்கள், போன மாத நிலவையும் இந்த மாத நிலவையும் ஒப்பிட்டு அழும் கையறுநிலை. திரைப்பாட்டில் அந்த நிலா காதலர் சந்தித்த இரவின் நிலாவாக மாறிவிட்டது. கவிஞருக்கு அந்த உரிமை உண்டு. என் கருத்து என்னவென்றால், சொல்லின் அழகு வந்தது, இழப்பு வழியிலேயே விழுந்துவிட்டது. மூலம் தெரிந்தவருக்கு அந்த இனிமைக்குப் பின்னால் ஒரு நிழல் தெரியும்; தெரியாதவருக்கு வெறும் நிலா. மாணவர்களே, தேர்வில் பாரி மகளிர் பாட்டைக் காதல் பாட்டு என்று எழுதிவிடாதீர்கள்! திரைப்பாட்டு நினைவில் அப்படி எழுதிவிடும் ஆபத்து நிஜமாகவே இருக்கிறது.

அளவுகோலில் தோற்பவை

எல்லாப் பாட்டும் நல்ல பாட்டு என்று சொன்னால் அது விமர்சனம் ஆகாது. இரண்டு வகைப் பாட்டு இந்த அளவுகோலில் தோற்கிறது. ஒன்று, கண் மீன், முகம் நிலா, கூந்தல் மேகம் என்று பட்டியல் போடும் பாட்டு. அந்தப் பட்டியலை எந்தப் பெண்ணுக்கும் ஒட்டலாம். ஆகவே அது எந்தப் பெண்ணுக்கும் சொந்தமில்லை. இரண்டாவது, அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகும் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்து பாடும் பாட்டு. மெட்டு எவ்வளவு துள்ளினாலும் அதில் இன்னொருவர் இல்லை. அவளுடைய மறுப்பு அவன் காதில் விழவே இல்லை.

இது இந்தக் காலத்து ஒழுக்கப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியர் அன்பின் ஐந்திணையைத் தனியே வைத்து, ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்துவிட்டார். இருவர் மனமும் ஒத்தால்தான் ஐந்திணை. பதினாறு வயதில் நம் பிள்ளைகள் எந்தத் திணையைக் காதல் என்று நம்பி வளர்கிறார்கள் என்பது நமக்குச் சின்ன விஷயமா, சொல்லுங்கள்.

தேர்வுக்கு

எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள்: யார் பேசுகிறார்? யாரிடம்? கேட்பவரின் மனம் எங்கே தெரிகிறது? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? பிறகு அணியையும் ஓசையையும் மொழிநடையையும் இந்தப் பதில்களோடு கட்டுங்கள். ஒரு மாதிரி:

'கண்ணன் பாட்டில் தலைவி தன் தோழியிடம் பேசுகிறாள். நேசம் மறவாத நெஞ்சு முகத்தை மட்டும் மறந்துவிட்ட முரணே இப்பாடலின் மையம். வண்டு, பூ, பயிர் ஆகிய உவமைகள் அவள் தன்னையே குற்றம் சாட்டுவதைக் காட்டுகின்றன. பேச்சு வழக்குச் சொல் அத்துயரத்திற்கு நம்பகத்தன்மை சேர்க்கிறது.'

நாலே வாக்கியம். 'இனிமை' என்ற சொல்லே இல்லை. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் காரணம் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேலை. அடுத்த வாரம் மாணவர்களுக்குப் பிடித்த பாட்டையே கொண்டுவரச் சொல்லுங்கள். நாம் முகம் சுளிக்க வேண்டாம். அந்த நான்கு கேள்விகளை மட்டும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பின்னால் போய் உட்காருங்கள். எந்தப் பாட்டு நிற்கும், எது விழும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். சில சமயம் நாம் குப்பை என்று நினைத்த பாட்டு நின்றுவிடும். அப்போது நாமும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.